கீபோர்டின் பின்பக்கத்து ஐந்து துளைகள்

பையின் ஜிப்பைத் திறந்ததும் முகத்தில் அடித்தது கரப்பான் பூச்சி வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்தேன். வெள்ளைக் கட்டைகளின் மேல் மிளகைத் தூவிய மாதிரி எச்சம். ஒரு மூலையில் பழுப்பு நிற முட்டைக் கூடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பதினைந்து வருடம் எனக்குச் சோறு போட்ட சிந்தசைசர் அது. நாங்கள் எல்லோரும் கீபோர்டு என்றுதான் சொல்வோம். இரண்டு வருடம் நான் திரும்பிப் பார்க்காததில் அதன் மேல் ஒரு பூச்சிக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்திருந்தது. அப்படியே மூடிவிட்டு எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன்.

எங்கள் இன்னிசைக் குழு பொன்னமராவதிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தபோதுதான் என் கை போனது. சாயங்காலம் வேனிலிருந்து ஸ்பீக்கர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தோம். மறுபக்கம் பிடித்திருந்தவன் தோளில் துண்டு நழுவுகிறதென்று ஒரு கையை எடுத்தான். பெட்டி இறங்கியது. அடியில் என் வலது கை. மோதிர விரலும் சுண்டு விரலும் நொறுங்கிப் பிறகு ஒட்டின, ஒட்டினவை நிமிரவில்லை. இன்றைக்கும் அவை எதையோ சுரண்டப் போகிற மாதிரி வளைந்தே இருக்கின்றன.

அன்றைக்குக் கச்சேரி நிற்கவில்லை. பென் டிரைவில் இருந்த இசையைப் போட்டு, அதற்கு மேல் பாடி முடித்துவிட்டார்கள். "கூட்டத்துல ஒரு பய கண்டுபிடிக்கலண்ணே, நீங்க கவலப்படாதீங்க" என்று ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருவன் சொன்னான். ஆறுதலாகத்தான் சொன்னான். பதினைந்து வருடம் தோள் வலிக்க வலிக்க வாசித்தது ஒரு சுண்டு விரல் நீளப் பென் டிரைவுக்குச் சமம் என்று கேட்டபோது எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்தத் தொழில் மேலேயே அருவருப்பு வந்தது. வீட்டுக்கு வந்து கீபோர்டைப் பைக்குள் போட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில், பின்பக்கம் மேலே பார்க்க, நெட்டுக்குத்தாகச் செருகினேன். "பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிக் குடுத்துரு" என்று மனைவியிடம் சொன்னேன்.

அதன் பிறகு கீரனூரில் அவளுடைய அண்ணன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தேன். திருச்சி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் நின்ற வாக்கில் ஆதார் அட்டையை நீட்டுவார்கள். "முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பேப்பர்ல வந்துருமா?" என்று கேட்பார்கள். வரும் என்பேன். அடுத்த ஆள் நீட்டுவார், அதையே கேட்பார். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தக் கேள்வி. மெஷினின் சூடு, மையின் வாடை, எச்சில் தொட்டு எண்ணிய தாள்களின் பிசுபிசுப்பு. கடையைக் குறை சொல்லக் கூடாது, சோறு போட்டது. ஆனால் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கேதான் அந்தத் தலைமை ஆசிரியை வந்தார். பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளி. அழைப்பிதழ் நகல் எடுக்க வந்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்க கச்சேரில கீபோர்டு வாசிப்பீங்கள்ல? எங்க ஸ்கூலுக்கு நூற்றாண்டு விழா வருது. தமிழ் மிஸ் ஒரு பாட்டு எழுதியிருக்காங்க. மெட்டுப் போட்டு மியூசிக்கோட குடுத்தீங்கன்னா பிள்ளைங்க பாடிருவாங்க."

"இப்ப வாசிக்கிறதில்லைங்க" என்று கையைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "அச்சச்சோ" என்றார். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க சார், அப்ப ஏதாச்சும் சினிமாப் பாட்டு மெட்டுலயே பாடச் சொல்லிருவோம்" என்றார்.

இந்தப் பேச்சுத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. தாளை வாங்கிப் படித்தேன். குளத்தங்கரை வேப்பமரம், ஓட்டுக் கூரை, மழை பெய்தால் விடுமுறை என்று அந்தத் தமிழ் டீச்சர் அழகாக எழுதியிருந்தார். அதைப் போய் எவளோ ஒருத்தி இடுப்பை ஆட்டின மெட்டில் பிள்ளைகள் பாடுவதா? "பத்து நாள் குடுங்க, போட்டுத் தாரேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

வழி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். கீபோர்டிலிருந்து மிடி கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுக்கலாம். அந்தக் கேபிளில் ஓசை போகாது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தொட்டோம் என்கிற குறிப்பு மட்டும் போகும். குறிப்புத்தானே, மெதுவாக வாசிக்கலாம், ஒவ்வொரு கையாக வாசிக்கலாம், தப்பானதைப் பிறகு சரி செய்யலாம். சரி செய்ததைத் திருப்பி அனுப்பினால் கீபோர்டு தன் சொந்தக் குரலிலேயே வாசித்துக் காட்டும். எட்டு விரல் போதும். இது நடந்தால், மேடையில் நிற்காவிட்டாலும் உட்கார்ந்து செய்ய இசையில் எனக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நடக்காவிட்டால் சாகும்வரை முன்பக்கமும் பின்பக்கமும்தான். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள், அதைவிட அசிங்கம் வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பூச்சி எச்சத்தைத் துணியால் துடைத்தேன். மூன்று துணி கறுத்துப்போனது. பின்பக்கத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. குழுவில் இருந்த காலத்தில் வருடா வருடம் சந்தனம் தடவுவார்கள், அந்தக் கறை என்று நினைத்து அதையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். கடையில் கழித்துப் போட்ட லேப்டாப் ஒன்றை வாங்கி வந்து இசை மென்பொருளை ஏற்றினேன். திறந்தால் மின்வாரிய ஆபீஸ் சுவிட்ச் பலகை மாதிரி ஆயிரம் பொத்தான். எதை அழுத்தினாலும் வேறொன்று திறந்தது.

சரி, கற்றுக்கொள்ளலாம் என்று வீடியோ பார்த்தேன். தமிழில் பாடம் நடத்துகிற ஒரு தம்பி "வணக்கம் மக்களே" என்று ஆரம்பித்தான். தான் யார், தனக்கு எத்தனை பேர் வாழ்த்துச் சொன்னார்கள், தன் மைக் என்ன விலை என்று ஏழு நிமிடம் பேசினான். கடைசியில் "கேபிளை மாட்டுனா அதுவே எடுத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்னொருவன் முழு நேரமும் தலையை ஆட்டினானே தவிர வாயைத் திறக்கவில்லை. இவர்களைப் பெற்றவர்களும் பாவம், பார்க்கிற நாமும் பாவம்.

திருச்சியில் வாங்கி வந்த கேபிளில் ஒரு பக்கம் லேப்டாப்புக்குப் போகும் தட்டை முனை, மறுபக்கம் ஐந்து ஊசி வைத்த இரண்டு உருண்டைத் தலை. ஒன்றில் உள்ளே என்றும் மற்றதில் வெளியே என்றும் எழுதியிருந்தது. உள்ளே என்று எழுதினது கீபோர்டின் வெளியேவுக்குப் போக வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். கீபோர்டின் பின்பக்கத்தில் ஐந்து துளை வைத்த இரண்டு வட்டம். பதினைந்து வருடத்தில் நான் அவற்றுக்கு எதையும் மாட்டியதில்லை. மேடையில் ஸ்பீக்கருக்குப் போகும் வயர் ஒன்றே போதும்.

உருண்டைத் தலையை வைத்து அழுத்தினேன். பாதிதான் போனது. திருப்பி வைத்து அழுத்தினேன். பாதிதான். வலது கையில் பிடி இல்லை; மூன்று விரலால் எவ்வளவு அழுத்த முடியும்? இடது கைக்கு மாற்றினேன், கோணலாகப் போனது. மனைவி அடுப்படியில்தான் இருந்தாள். கூப்பிட்டால் வந்து ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போவாள். கூப்பிடவில்லை. ஒரு ஒயரை மாட்டக்கூடப் பெண்டாட்டி வேண்டும் என்கிற நிலைக்கு வந்துவிட்டேனா என்று எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. பாதி போனால் போதும் என்று விட்டுவிட்டு வாசித்தேன். கீபோர்டு பாடியது. லேப்டாப்பில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடி திருச்சிக்கு பஸ் ஏறினேன். கேபிளைக் கவுண்டரில் போட்டு, "டூப்ளிகேட்டக் குடுத்து ஏமாத்துறீங்களா?" என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் நிதானமானவர். தன் கீபோர்டு ஒன்றில் அதை மாட்டினார். டக்கென்று முழுசாகப் போனது. கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு மினுமினுத்தது.

"கேபிள் நல்லாத்தான் இருக்கு சார். ஒங்க போர்டுதான் போயிருக்கும். ரெண்டு வருஷம் கரண்டு காட்டாம வச்சிருந்தீங்கன்னா உள்ள துரு ஏறியிருக்கும்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் தோளில் தூங்கி வழிந்தார். தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. கை போனது, கீபோர்டும் போனது, சரியான ஜோடி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தலைமை ஆசிரியைக்கு போன் போட்டேன். முடியாது என்று சொல்லத்தான் போட்டேன். பின்னால் பிள்ளைகள் பாட்டின் வரிகளை மனப்பாடம் பண்ணும் இரைச்சல் கேட்டது. "சார், பிள்ளைங்களுக்கு வரியெல்லாம் தலைகீழாத் தெரியும், மெட்டு மட்டும்தான் பாக்கி" என்றார். "நாளைக்குப் பேசுறேங்க" என்று வைத்துவிட்டேன். கோழைத்தனம்தான்.

"இதை மறுபடி அங்கிட்டு பீரோ இடுக்குல வச்சிரு" என்று மனைவியிடம் சொன்னேன். "இல்லன்னா இந்தத் தடவையாச்சும் இரும்புக்காரனுக்குப் போடு."

அவள் வந்து கீபோர்டைத் தூக்கப் போனாள். கேபிள் தலை தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இது ஏங்க பாதியில நிக்கிது?"

"என் கையில வலு இல்ல. போதுமா? வாயால வேற சொல்லணுமா?"

அவள் என் பேச்சைக் காதில் வாங்காமல் தலையைப் பிடித்து அழுத்தினாள். நிறைந்த கேஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாக உருட்டி வருகிற கை அது. போகவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"எனக்கும் போகலையே" என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று நாளாக என் விரல்களை நான் திட்டாத திட்டு இல்லை. அவளுக்கும் போகவில்லை என்றால் குற்றம் விரலில் இல்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்து அந்த ஐந்து துளைகளை முதல் முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். மூன்று துளைகள் அடைத்திருந்தன. உள்ளே ஏதோ குச்சி. அதைச் சுற்றிக் காய்ந்த சந்தனம், மேலே சாம்பல். இரண்டாவது வட்டத்தையும் பார்த்தேன். அதிலும் அதே கண்றாவி.

"எவன் பாத்த வேலடி இது? ஊதுபத்திக் குச்சி! ஊதுபத்தியக் கொண்டாந்து இதுக்குள்ளயா சொருகுவாங்க? எந்த மடப்பய..."

"நாந்தான்" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஆயுத பூசைக்கு வச்சேன். போன வருஷம் இந்தப் பக்கம், அதுக்கு முந்துன வருஷம் அந்தப் பக்கம். நெட்டுக்குத்தா நின்னுச்சா, பைய மேலாக்கத் தொறந்தேன், ஓட்டை மேல பாத்து இருந்துச்சு. ஊதுபத்திக்குன்னே செஞ்ச மாதிரி அளவாப் போச்சு. மறுநாள் புடுங்குனேன், ஒடிஞ்சு உள்ள நின்னுருக்கும்போல."

"பைக்குள்ள வச்சு ஊதுபத்தி கொளுத்துனியா? வீடு எரிஞ்சிருந்தா?"

"எரியலைல்ல?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நாந்தான் தூக்கி இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னேன்ல? அதுக்கு எதுக்குடி பூசை? என்னன்னு வேண்டிக்கிட்ட? என் கை சரியாகணும்னா?"

"வேண்டிக்கல்லாம் இல்ல" என்றாள், கேபிளைச் சுருட்டிக்கொண்டே. "மிக்சிக்குப் பொட்டு வைக்கிறேன். கிரைண்டருக்கு வைக்கிறேன். ஒங்க ஓட்ட சைக்கிளுக்குக்கூட வைக்கிறேன். இதுக்கு மட்டும் வைக்காம விட்டா செத்துப்போச்சுன்னு ஆயிரும்ல."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு அதை நான் மூடப் போவதில்லை. இரண்டு வருடம் நான் அந்தக் கீபோர்டை வெறுத்தபடி அதே அறையில் தூங்கினேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அதை உயிருள்ள சாமான்களின் கணக்கில் வைத்திருந்தாள்.

அவள் பிறந்தது கருவேலங்காட்டு ஓரம். காலில் முள் ஏறினால் எடுக்க, சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு முள்வாங்கி தொங்கும். அதன் ஊசியால் சந்தனத்தை உடைத்து ஊதினாள். பிறகு அதன் இடுக்கியால் மூங்கில் துணுக்கு ஒவ்வொன்றாக இழுத்தாள். குழந்தை காலில் முள் எடுக்கிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். ஆறு துணுக்கு வந்தது. சிவப்புச் சாயம் போட்ட மூங்கில். செய்தித்தாளில் வரிசையாகப் போட்டாள். பார்க்கவே அசிங்கமாக இருந்தது, ஆனால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப ஒங்க கையால மாட்டுங்க" என்றாள்.

மூன்று விரலால் பிடித்து அழுத்தினேன். டக்கென்று போனது. ஒரு கட்டையைத் தொட்டேன். லேப்டாப்பில் பச்சை மினுக்கியது.

இதற்கு மேல் எல்லாம் நல்லபடியாக இருந்தது என்று எழுத ஆசைதான். மறுநாள் காலையில் மெட்டைப் பாதி வேகத்தில் வாசித்துப் பதிவு செய்தேன். திரையில் ஒவ்வொரு சுரமும் ஒரு சின்னக் கோடாக விழுந்தது. மூன்று விரலின் கோடுகள் அதனதன் இடத்தில் இருந்தன. பழக்கத்தில் மற்ற இரண்டு விரல்களும் நடுநடுவே நுழைந்திருந்தன. அவற்றின் கோடுகள் தாமதமாக, சோகையாக, தாளக் கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்தன. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டியபோதுகூட அவை இவ்வளவு அப்பட்டமாகத் தெரியவில்லை.

சரிசெய்ய அந்த மென்பொருளில் ஒரே ஓர் எழுத்தை அழுத்தினால் போதும். அழுத்தினேன். எல்லாக் கோடும் துள்ளி வரிசையில் நின்றது. ஆறு மாதம் பிசியோதெரபி என்று சூடான மெழுகில் கையை முக்கி, ரப்பர் பந்தை அமுக்கி, எண்ணெய் தேய்த்துக் கதறியும் வராதது ஒரு எழுத்தில் வந்துவிட்டது. அவமானமாக இருந்தது. ஆனால் பழையபடி மாற்றவில்லை. திருத்தியதை அப்படியே வைத்துக்கொண்டேன். வேகத்தைக் கூட்டித் திருப்பி அனுப்பினேன். என் கீபோர்டு தன் பழைய நாதஸ்வரக் குரலில், என்னைவிடச் சுத்தமாக அந்த மெட்டை வாசித்தது. யாரும் தொடாமலேயே அது பாடுவதை உட்கார்ந்து கேட்டேன். பொறாமையாகத்தான் இருந்தது.

விழா அன்று பிள்ளைகள் தாளம் தப்பாமல் பாடினார்கள். மழைக்கு விடுமுறை என்கிற வரியில் மட்டும் எல்லோரும் தேவைக்கு மேல் கத்தினார்கள். மைக் செட்காரர் என்னிடம் வந்து, "எந்த ஸ்டுடியோலங்க எடுத்தீங்க?" என்றார். "வீட்லதான்" என்றேன். நம்பவில்லை. தலைமை ஆசிரியை சொல்லி இன்னொரு பள்ளிக்கூடமும், பிறகு ஒரு சர்ச்சின் பாடகர் குழுவும் வந்தார்கள். கடையில் காலையில் மட்டும் உட்கார்ந்தால் போதும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். ஆதார் அட்டை வந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது மத்தியானத்தோடு தீர்ந்துவிடுகிறது.

அந்த வருடம் ஆயுத பூசை அன்று வீட்டில் எல்லாவற்றையும் துடைத்து வைத்தாள். மிக்சி, கிரைண்டர், சைக்கிள், அருவாமனை, லேப்டாப், கடைசியில் கீபோர்டு. சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து வந்தாள். ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் வைத்துக்கொண்டு கீபோர்டின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பத்தியை வாழைப்பழத்தில் குத்தி வைத்தாள்.

எனக்கு வம்பு பண்ணத் தோன்றியது. வலது கையை நீட்டி, வளைந்த இரண்டு விரலையும் அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். "இந்த ரெண்டு ஓட்டச் சாமானுக்கு ஒண்ணும் இல்லையா?"

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, மோதிர விரலில் ஒன்று, சுண்டு விரலில் ஒன்று என்று சந்தனம் வைத்தாள். அதன் மேல் குங்குமமும் வைத்தாள்.

"வச்சாச்சு" என்றாள். "நாளைக்குக் காலையில பூசை எடுக்குற வரைக்கும் இதுக ரெண்டையும் வேல வாங்கக் கூடாது."

சுண்டல் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது. அழிந்துவிடாமல் அந்த இரண்டு விரலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்று விரலால் சுண்டலை அள்ளித் தின்றேன்.